வேப்பமரத்தை இப்போதே வெட்ட வேண்டாம்

கேள்வி

ஐயா, வணக்கம். எங்கள் வீடு ஈரோடு மாவட்டத்தில், பெருந்துறைக்குப் பக்கத்தில் இருக்கிறது. பன்னிரண்டு சென்ட்டில் வீடும் மாட்டுக் கொட்டகையும் போக மீதி தோட்டம். பள்ளிக்கூட லீவு விட்டதும், சனி ஞாயிறு இரண்டு நாளும் எல்லோரும் சேர்ந்து தோட்டத்தைச் சுத்தம் செய்துவிடலாம் என்று திருப்பூரிலிருந்து கொழுந்தனார் குடும்பத்தையும் வரச் சொல்லியிருந்தோம். சனிக்கிழமை மதியம் வரை புல் செதுக்கினோம், மாங்கன்றுக்கு வட்டப்பாத்தி எடுத்தோம், வேலியைச் சரிசெய்தோம். சாயங்காலம் வேம்பில் வீட்டுப் பக்கம் தாழ்ந்திருந்த கிளைகளை வெட்ட ஆரம்பித்தபோது மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. "இந்த ஒரு கிளையை முடித்துவிட்டு இறங்குகிறேன்" என்று வீட்டுக்காரர் ஏணியிலேயே நின்றார். அவர் இறங்கி நாலு எட்டு வைப்பதற்குள் புழுதியோடு காற்று வந்துவிட்டது. பத்து நிமிஷம்தான் அடித்தது. வேம்பின் பெரிய கிளை ஒன்று கிழிந்து கொட்டகை ஷீட்டின் மேலும், கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் கரண்ட் ஒயர் மேலும் தொங்குகிறது. முருங்கை பாதியில் ஒடிந்துவிட்டது. மூன்று வருஷத்து ஒட்டு மாங்கன்று வேர் தெரியச் சாய்ந்துவிட்டது. தார் விட்ட கதலி வாழை நாலு விழுந்துவிட்டது.

மாமனார் வேம்பையே அடியோடு எடுத்துவிடலாம் என்கிறார். வீட்டுக்காரரும் கொழுந்தனாரும் மெஷின் ரம்பத்தை வாடகைக்கு எடுத்து, தொங்கும் கிளையைத் தாங்களே அறுக்கப் பார்க்கிறார்கள். அது இருபது வருஷத்துக்கு மேலான மரம். மூன்று வருஷத்துக்கு முன் ஒயரில் உரசுகிறது என்று தலையை மொட்டையடித்தோம். போன வருஷம் கார் நிறுத்த சிமெண்ட் தளம் போட்டபோது ஒரு பெரிய வேரை வெட்டினோம். கிழிந்த இடத்தில் உள்ளே கறுப்பாக, பொடிப்பொடியாக இருக்கிறது. நாங்கள் அன்று வெட்டியதால்தான் இப்படி ஆனதா? மரத்தை வைத்திருக்கலாமா? மாங்கன்று பிழைக்குமா? குவிந்து கிடக்கும் தழையைக் கொளுத்திவிடலாமா? பையனுக்குப் பத்து வயது. அன்றிலிருந்து கொஞ்சம் காற்று அடித்தாலே உள்ளே ஓடிவிடுகிறான். அவனுக்கு என்ன சொல்வது?

பதில்

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம். ஒயர் விஷயத்தையும் மாங்கன்று விஷயத்தையும் மட்டும் உங்கள் கடிதம் கிடைத்த அன்றே தனியாக எழுதி அனுப்பினேன், பார்த்திருப்பீர்கள். இதே சித்திரை, வைகாசியில் இதே நிலைமையில் இருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று அதையும் சேர்த்து இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் வீட்டுக்காரரிடமும் கொழுந்தனாரிடமும் சொல்லுங்கள், அந்தக் கிளையை அவர்கள் தொடக் கூடாது. அவர்களுக்கு வேலை தெரியாது என்பதற்காகச் சொல்லவில்லை. தோட்டக்கலைத் துறையில் இத்தனை வருஷம் வேலை பார்த்ததில் எனக்குத் திரும்பத் திரும்பத் தெரிந்தது இதுதான்: காற்று அடிக்கும்போது ஆட்கள் வீட்டுக்குள் இருந்துவிடுகிறார்கள், மறுநாள் காலையில் வெயில் வந்ததும் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்து அரிவாளை எடுக்கும்போதுதான் அடிபடுகிறது. இரண்டு நாள் வேலை பாதியில் நின்றுவிட்டது, தம்பி திங்கட்கிழமை ஊருக்குப் போக வேண்டும், அதற்குள் முடித்துவிடலாம் என்ற அவசரம் இருக்கிறதே, அதுதான் உங்கள் வீட்டில் இப்போது இருக்கும் பெரிய ஆபத்து.

காரணத்தையும் சொல்கிறேன். ஒயர் மேல் கிளை கிடக்கிறது. "மெயினை ஆஃப் செய்துவிட்டோம், பீஸைப் பிடுங்கிவிட்டோம்" என்று பலரும் தைரியமாகக் கை வைப்பார்கள். வீட்டுக்குள் இருக்கும் மெயின் சுவிட்ச்சை அணைத்தால் வீட்டுக்குள்தான் கரண்ட் போகும். கம்பத்திலிருந்து மீட்டர் வரைக்கும் வருகிற சர்வீஸ் ஒயரில் கரண்ட் அப்படியே இருக்கும். தெருவுக்கே கரண்ட் இல்லை என்பதையும் நம்பாதீர்கள். எந்த நிமிஷமும் திரும்ப வரலாம், பக்கத்தில் யாராவது ஜெனரேட்டரைத் தப்பாக இணைத்து ஓட்டினாலும் அந்தக் கரண்ட் பின்பக்கமாக லைனுக்கு ஏறும். மழையில் நனைந்த பச்சைக் கிளை கரண்ட்டைக் கடத்தும், அலுமினிய ஏணியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987, எந்த நேரமும் கூப்பிடலாம். உங்கள் பகுதி லைன்மேனிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அவர்கள் கம்பத்தில் இணைப்பைத் துண்டித்து, துண்டித்தாயிற்று என்று வாயால் சொல்லும் வரை கொட்டகைப் பக்கம் யாரும் போக வேண்டாம். மாட்டையும் வேறு இடத்தில் கட்டுங்கள். ஒயர் அறுந்து தரையில் விழுந்திருந்தால் பத்து மீட்டராவது தள்ளியே நிற்க வேண்டும். ஈரத் தரையில் கரண்ட் பரவி, ஒரு காலுக்கும் இன்னொரு காலுக்கும் நடுவில் உள்ள வித்தியாசமே ஆளைத் தூக்கிப் போடும். தெரியாமல் கிட்டே போய்விட்டால் எட்டி வைத்து ஓடாமல், இரண்டு பாதத்தையும் ஒட்டியபடி தரையில் தேய்த்துக்கொண்டே விலகி வர வேண்டும்.

ஒயர் இல்லாமல் இருந்தாலும் அது வீட்டு ஆள் செய்கிற வேலை இல்லை. பாதி கிழிந்து தொங்கும் கிளை, ஒரு முனை மரத்திலும் ஒரு முனை ஷீட்டிலுமாக வளைந்து நிற்கிறது. அதன் ஒரு பக்கம் இழுபட்டு விறைத்திருக்கும், மறுபக்கம் நசுங்கி இருக்கும். எந்தப் பக்கம் எது என்று பார்த்து அறுக்கத் தெரியாமல் ரம்பத்தை வைத்தால், ஒன்று ரம்பம் இறுகிக்கொள்ளும், இல்லையென்றால் கிளை விண்ணென்று எழும்பி அறுத்தவர் முகத்திலேயே அடிக்கும். மெஷின் ரம்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஏணியில் நிற்பது எந்த நாளும் கூடாத வேலை. ரம்பத்தின் முனை எதிலாவது பட்டால் பின்னால் உதறும், அப்போது பிடித்துக்கொள்ள இன்னொரு கை இருக்காது. கயிறு கட்டி, கிளையைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கத் தெரிந்த மரம் வெட்டும் ஆட்கள் உங்கள் பக்கத்திலேயே இருப்பார்கள். கூலி கொஞ்சம் கூடத்தான் கேட்பார்கள், கொடுங்கள். அவர்களிடமும் ஒரே ஒரு விஷயத்தைக் கறாராகச் சொல்லுங்கள்: "தொங்குகிற கிளையை மட்டும் எடுங்கள், மரத்தை நாங்கள் அப்புறம் பார்த்துக்கொள்கிறோம்." இல்லையென்றால் வந்த வேலையோடு மொத்த மரத்தையும் விலை பேசிவிடுவார்கள்.

கொட்டகை ஷீட் ஆஸ்பெஸ்டாஸ் என்றால் உடைந்த துண்டுகளைப் பெருக்க வேண்டாம். நன்றாகத் தண்ணீர் தெளித்து நனைத்து, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, பெரிய துண்டுகளாகவே பொறுக்கிச் சாக்கில் போட்டுக் கட்டுங்கள். அதன் தூசி நுரையீரலுக்குக் கெடுதல். பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

சரி, நீங்கள் கேட்ட முக்கியமான கேள்விக்கு வருகிறேன். அன்று வெட்டியதால்தான் ஆனதா? சனிக்கிழமை வெட்டியதும் ஒரு காரணம், ஆனால் பெரிய காரணம் மூன்று வருஷத்துக்கு முன்னால் நடந்தது.

கிழிந்த இடம் கறுப்பாக, பொடிப்பொடியாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரியே எனக்குப் போதுமாக இருந்தது. நல்ல வேப்பங்கிளை காற்றில் ஒடிந்தால் உள்ளே வெளிர் செம்மையாக, நாராக, ஈரமாக இருக்கும். கறுப்பும் பொடியும் பழைய அழுகல். தலையை மொட்டையடித்தபோது கையளவு, தொடையளவு தண்டுகளை நடுவில் வெட்டியிருப்பார்கள். நமக்குத் தோலில் காயம் பட்டால் புதுத் தோல் வந்து ஆறிவிடுகிறது, மரத்துக்கு அப்படி ஆறுவதில்லை. காயம் பட்ட மரக்கட்டை காயம் பட்டபடியே இருக்கும். அதைச் சுற்றி மரம் உள்ளுக்குள் ஒரு தடுப்பு கட்டி, வெளியே புதுப் பட்டையை வளர்த்து மெல்ல மூடப் பார்க்கும். சின்ன வெட்டு என்றால் ஒன்றிரண்டு வருஷத்தில் மூடிவிடும். தொடையளவு வெட்டை அதனால் சீக்கிரம் மூட முடியாது, அதற்குள் மழைத்தண்ணீர் இறங்கி, பூஞ்சை பிடித்து, உள்ளே இற்றுப்போக ஆரம்பித்துவிடும். அந்த வெட்டு வாயைச் சுற்றி அடுத்த மழைக்கே பத்து இருபது சிம்புகள் கிளம்பியிருக்கும், மரம் நன்றாகத் தழைத்துவிட்டது என்று நீங்களும் சந்தோஷப்பட்டிருப்பீர்கள். அந்தச் சிம்புகள் மரத்தின் உள்ளிருந்து வந்தவை இல்லை. பட்டைக்கு அடியிலிருந்து கிளம்பி, மேலோட்டமாக ஒட்டிக்கொண்டிருப்பவை. மூன்று வருஷத்தில் அவை ஆள் உயரத்துக்கு மேல் போய், இலை அடர்ந்து, கனம் ஏறி, கீழேயோ இற்றுப்போன கட்டையில் நிற்கும். ஒயருக்காக மொட்டையடித்த மரம் மூன்று நாலு வருஷம் கழித்து அதே ஒயர் மேல் விழுவதற்கு இதுதான் காரணம்.

சனிக்கிழமை வெட்டியது அதற்கு மேல். வீட்டுப் பக்கத்துக் கிளைகளை மட்டும் கழித்ததால் கனம் ஒரு பக்கம் ஏறியது, அது ஒன்று. இன்னொன்று பலரும் கவனிக்காதது. ஒரு மரத்தின் கிளைகள் ஒன்றுக்கொன்று மறைவாக நின்று, ஒன்றில் பட்டுத் தேய்ந்த காற்றைத்தான் அடுத்தது வாங்கும். கீழ்க் கிளைகளையும் உள் கிளைகளையும் எடுத்துவிட்டு நுனியில் மட்டும் தழையை விட்டால், காற்று நேராகப் போய் நுனியைப் பிடித்து ஆட்டும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நாலு மடங்கு ஆகும். முப்பது கிலோமீட்டர் வேகத்தில் சும்மா அசைந்துகொண்டிருந்த கிளைக்கு அறுபது கிலோமீட்டரில் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அதனால் வீட்டுக்காரர் மேல் பழி போட வேண்டாம், அன்று அவர் ஏணியே வைத்திருக்காவிட்டாலும் அந்தக் கிளை இந்தக் காற்றில் இல்லையென்றால் ஆடிக்காற்றில் வந்திருக்கும்.

இப்போது மாமனார் சொல்வது. மரத்தையே எடுத்துவிடலாம் என்று அவர் சொல்வதில் கோபமும் இருக்கிறது, பேரப்பிள்ளைகள் விளையாடும் இடம் என்ற பயமும் இருக்கிறது. அந்தப் பயம் நியாயமானது, அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஒரு கிளை போனதும், மரம் விழப்போவதும் வேறு வேறு விஷயம். கிளை பழைய வெட்டில் போனது. மரம் விழுமா என்பது வேரைப் பொறுத்தது. எனக்கு உண்மையான கவலை அந்தச் சிமெண்ட் தளமும் வெட்டிய வேரும்தான். மரத்தின் வேர் ஆழமாகப் பாதாளத்துக்குப் போகிறது என்று நினைக்கிறோம். பெரும்பாலான வேர்கள் மேல் இரண்டடி மண்ணுக்குள்தான் இருக்கும், கிளைகள் விரிந்திருக்கும் அளவையும் தாண்டிப் படர்ந்திருக்கும். அந்த மண்ணை மூடிச் சிமெண்ட் போட்டால் தண்ணீரும் காற்றும் போகாது, ஓரத்தில் தோண்டும்போது பிடிமான வேரும் போய்விடும். 2016 டிசம்பர் 12-ம் தேதி சென்னையில் வர்தா புயல் அடித்தபோது நடைபாதையில் சாய்ந்த மரங்களில் எத்தனையோ மரங்களின் அடியைப் பார்த்தால், காங்கிரீட்டுக்கு நடுவில் ஒரு சின்ன மண் கட்டியோடு பிடுங்கிக்கொண்டு வந்திருந்தது தெரியும்.

அதனால் கோடாலிக்கு முன்னால், காலை வெளிச்சத்தில், நீங்களும் மாமனாரும் சேர்ந்தே மரத்தை ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். தொங்கும் கிளையை எடுத்த பிறகு, காற்று இல்லாத நேரத்தில். காற்று மேற்கிலிருந்து வந்தது என்கிறீர்கள், எனவே மரத்தின் மேற்குப் பக்கத்து அடிமண்ணை முதலில் பாருங்கள். மண் வெடித்து, பிறை மாதிரி ஒரு கோடு விழுந்து, கொஞ்சம் மேலே தூக்கிக்கொண்டிருக்கிறதா? சிமெண்ட் தளத்தில் புதிதாக விரிசல் விட்டு ஒரு ஓரம் எழும்பியிருக்கிறதா? அப்படி இருந்தால் வேர் கிளம்பிவிட்டது, மாமனார் சொல்வதே சரி, ஆட்களை வைத்துச் சீக்கிரம் எடுத்துவிடுங்கள். மண் அசையவில்லை என்றால் அடுத்தது, அடிமரத்தை ஒட்டி, முக்கியமாக வேரை வெட்டிய பக்கம், காளான் முளைத்திருக்கிறதா, பட்டை உரிந்து உள்ளே மெத்தென்று அமுங்குகிறதா என்று பாருங்கள். சுத்தியலின் மரப்பிடியால் அடிமரத்தைச் சுற்றித் தட்டுங்கள், நல்ல கட்டை கணீரென்று கெட்டியாகக் கேட்கும், பொந்து விழுந்த இடம் டொக்கென்று பறை போலக் கேட்கும். அப்புறம் பெரிய கவைகள். இரண்டு தடித்த கிளைகள் பிரியும் இடத்தில் நெடுக விரிசல் இருக்கிறதா, அதில் ஈரம் கசிகிறதா என்று கீழே நின்றே பார்க்கலாம், செல்போனில் பெரிதாக்கிப் படம் எடுத்துப் பார்த்தால் இன்னும் நன்றாகத் தெரியும். கொஞ்சம் காற்று வீசும் ஒரு நாளில், தள்ளி நின்று அடிமண்ணைக் கவனியுங்கள். மேலே கிளை ஆடும்போது கீழே மண் மூச்சு விடுவது போல ஏறி இறங்கினால் அந்த மரத்தின் பக்கத்தில் யாரும் இருக்க வேண்டாம்.

இதில் எதுவுமே இல்லை என்றால், அந்த மரத்தை வைத்திருக்கலாம் என்பது என் கருத்து. மேற்கு வெயிலைத் தடுத்து வீட்டையும் கொட்டகையையும் நாற்பது டிகிரி சூட்டில் காப்பாற்றுகிற மரத்தை ஒரு நாள் காற்றுக்காக இழந்துவிட்டால், அதே நிழல் திரும்ப வர இன்னும் ஒரு இருபது வருஷம் ஆகும். ஆனால் இனிமேல் மொட்டையடிக்கவே கூடாது. மூன்று வருஷத்து அந்தச் சிம்புகளில் திடமானவற்றை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக, இரண்டு மூன்று வருஷத்தில் கழித்து வாருங்கள். ஒரு தடவையில் மொத்தத் தழையில் கால்வாசிக்கு மேல் எடுக்கக் கூடாது, இந்த வருஷம் காற்றே நிறைய எடுத்துவிட்டதால் கிழிந்த இடத்தைச் சரிசெய்வதைத் தவிர, இனி தை, மாசி வரை வேம்பில் கத்தியே படக் கூடாது. சிமெண்ட் தளத்தில் மரத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரு மீட்டராவது உடைத்து எடுத்துவிட்டு மண்ணைத் திறந்து விடுங்கள். உடைக்கும்போது கடப்பாரை வேரில் படாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒயர் உரசும் பிரச்சினைக்கு, மின்வாரியத்தில் மனு கொடுத்துச் சர்வீஸ் ஒயரை வேறு பக்கமாக இழுக்க முடியுமா என்று கேளுங்கள், அதுதான் நிரந்தரத் தீர்வு.

கிழிந்த காயத்தை அப்படியே விட வேண்டாம். கிளை பிரியும் இடத்தில் கொஞ்சம் புடைத்த மாதிரி ஒரு வளையம் இருக்கும், கழுத்து என்று சொல்லலாம். வெட்டு அந்தக் கழுத்துக்கு வெளியே, அதை ஒட்டி விழ வேண்டும். கழுத்தையும் சேர்த்து மரத்தோடு மழுங்க வெட்டினால் மூடுகிற சக்தி போய்விடும், ஒரு முழம் விட்டு வெட்டினால் அந்த முழமும் காய்ந்து உள்ளே அழுகலை இழுத்துக்கொண்டு போகும். கனமான கிளையை ஒரே வெட்டாக மேலிருந்து அறுத்தால் முடிகிற நேரத்தில் கனம் தாங்காமல் பட்டையை உரித்துக்கொண்டு இறங்கும். அதனால் முதலில் கழுத்திலிருந்து ஒன்றரை அடி தள்ளி அடியிலிருந்து கால்வாசி அறுக்க வேண்டும், அப்புறம் அதற்கு இரண்டு விரல்கடை வெளியே மேலிருந்து அறுத்துக் கனத்தை இறக்கிவிட வேண்டும், கடைசியில் மிச்சமிருக்கும் கட்டையைக் கழுத்தை ஒட்டிச் சுத்தமாக எடுக்க வேண்டும். வெட்டு வாயில் பூஞ்சை பிடிக்காமல் இருக்கப் போர்டோ பசை பூசலாம். நூறு கிராம் மயில்துத்தத்தை அரை லிட்டர் தண்ணீரிலும், நூறு கிராம் சுட்ட சுண்ணாம்பை அரை லிட்டர் தண்ணீரிலும் தனித்தனியாகப் பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, இரண்டையும் மூன்றாவது வாளியில் சேர்த்துக் கலக்குங்கள். இரும்புப் பாத்திரம் ஆகாது. துருவில்லாத ஒரு பழைய இரும்புக் கத்தியை ஒரு நிமிஷம் அதில் முக்கி எடுத்துப் பாருங்கள். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும், படியாவிட்டால் பூசலாம். கலக்கிய அன்றே தீர்த்துவிடுங்கள்.

மாங்கன்று பிழைக்கும். மூன்று வருஷத்துக் கன்று என்றால் அடிமரம் கை மணிக்கட்டு அளவுதான் இருக்கும், அந்த அளவில் சாய்ந்ததை நிமிர்த்தினால் பிடித்துக்கொள்ளும். ஆனால் நேரம்தான் முக்கியம், வெளியே தெரியும் வேர் ஒரு நாள் வெயிலில் காய்ந்தாலே போச்சு, அதனால்தான் அன்றே நனைந்த சாக்குப் போட்டு வேரை மூடச் சொன்னேன். நிமிர்த்துவதற்கு முன் ஒட்டுக் கட்டிய இடத்தைப் பாருங்கள், தரையிலிருந்து ஒரு முழத்துக்குள் கொஞ்சம் கோணலாக, தடித்து இருக்கும். அங்கே விரிசல் விட்டிருந்தால் மேலே உள்ள நல்ல ரகம் போய்விடும், அடியிலிருந்து துளிர்ப்பது நாட்டுக்கன்றுதான், அதற்குப் பாடுபட வேண்டாம். ஒட்டு திடமாக இருந்தால், தூக்கிக்கொண்ட வேருக்கு அடியில் இருக்கும் மண்ணைத் தோண்டி எடுத்துவிட்டு, பள்ளத்தில் தண்ணீர் விட்டு, இரண்டு பேர் கையால் மெதுவாக நிமிர்த்துங்கள். வண்டியில் கயிறு கட்டி இழுக்கக் கூடாது. பிய்ந்த வேரைக் கூர்மையான கத்தியால் நறுக்கிவிட்டு, மண் தள்ளி, தண்ணீர் ஊற்றி, காலால் லேசாக மிதித்து உள்ளே காற்றுப் பொந்து இல்லாமல் செய்யுங்கள். மூன்று பக்கம் சவுக்குக் கம்பு நட்டு, பழைய சைக்கிள் டியூபை எட்டுப் போல் சுற்றித் தளர்வாகக் கட்டுங்கள், மரம் கொஞ்சம் ஆட வேண்டும், ஆடினால்தான் வேர் பலப்படும். காய் இருந்தால் மனசைக் கல்லாக்கிக்கொண்டு எல்லாவற்றையும் பறித்துவிடுங்கள், தழையிலும் கால்வாசி குறையுங்கள். புதுக் கொழுந்து வரும் வரை உரம் வேண்டாம். ஒரு வருஷம் கழித்துக் கம்பை எடுத்துவிடலாம்.

முருங்கைக்குக் கவலையே வேண்டாம். அதன் கட்டை மெத்தென்றது, எல்லாக் காற்றிலும் ஒடியும், எல்லா ஒடிவிலிருந்தும் துளிர்க்கும். ஒடிந்த இடத்துக்குக் கீழே, தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் சாய்வாக வெட்டி, தலையில் பசுஞ்சாணியை அப்பிவிடுங்கள். வருகிற சிம்புகளில் நாலு திசைக்கு நாலு விட்டு, அவை இரண்டடி வளர்ந்ததும் நுனியைக் கிள்ளினால் கை எட்டும் உயரத்திலேயே காய்க்கும். ஒடிந்த கிளையில் மணிக்கட்டு தடிமனுள்ள நல்ல போத்துகளை வேலியோரம் நட்டுவைக்கலாம்.

வாழையில் விழுந்த மரம் திரும்ப எழாது. தாரில் காயின் விளிம்பு மழுங்கி உருண்டிருந்தால் வெட்டி வைத்துப் பழுக்க விடலாம், இல்லையென்றால் கறிக்கு ஆகும். மரத்தை அடியோடு வெட்டி, துண்டு போட்டு அங்கேயே பரப்பிவிட்டு, ஒரே ஒரு நல்ல பக்கக்கன்றை மட்டும் விடுங்கள். கோபி, அந்தியூர், பவானிப் பக்கம் கோடைக்காற்றில் வாழை சாய்வது வருஷா வருஷம் நடப்பதுதானே, தார் தள்ளியதுமே அது சாயும் பக்கம் முட்டுக் கொடுப்பதை அடுத்த தடவை விட்டுவிடாதீர்கள்.

தழையைக் கொளுத்தாதீர்கள். இந்த வெயிலில், இந்தக் காற்றில், கொட்டகைப் பக்கத்தில் நெருப்பு வேண்டவே வேண்டாம் என்பது ஒன்று. இன்னொன்று, நீங்கள் இப்போது கையில் வைத்திருப்பது மாங்கன்றுக்குத் தேவையான மூடாக்கு. வேப்பந்தழையையும் முருங்கைத் தழையையும் பொடியாக நறுக்கி வட்டப்பாத்தியில் நாலு விரல் கனத்துக்குப் பரப்புங்கள், அடிமரத்தைச் சுற்றி ஒரு சாண் மட்டும் விட்டுவிடுங்கள், அங்கே ஈரம் தங்கினால் பட்டை அழுகும். சுள்ளிகளைத் தனியாகக் கட்டிவைத்தால் அடுப்புக்கு ஆகும். கறுத்துப் பொடிந்த கட்டையை மட்டும் தோட்டத்தில் போடாமல் அப்புறப்படுத்திவிடுங்கள்.

பையனைப் பற்றி. அவன் பயப்படுவது தப்பில்லை, அப்பா ஏணியில் நிற்கும்போது காற்று வந்ததை அவன் கண்ணால் பார்த்திருக்கிறான். "ஒன்றும் ஆகாது" என்று சொன்னால் நம்ப மாட்டான். அந்தக் காற்று எப்படி வந்தது என்று சொல்லிக்கொடுங்கள். பகல் முழுக்கக் காய்ந்த தரையிலிருந்து சூடான காற்று ஈரத்தோடு மேலே ஏறி, உயரத்தில் குளிர்ந்து, பெரிய கறுப்பு மேகமாக நிற்கிறது. அதற்குள் மழை விழ ஆரம்பிக்கும்போது குளிர்ந்த காற்றையும் சேர்த்துக் கீழே இழுத்துக்கொண்டு வருகிறது, அது தரையில் மோதி நாலா பக்கமும் பாய்கிறது. அதனால்தான் மழைக்கு முன்னால் காற்று வருகிறது. அதுவரை புழுங்கிக்கொண்டிருந்துவிட்டு திடீரென்று முகத்தில் சில்லென்று பட்டால் அது வந்தே விட்டது, அப்போது ஒரு கிளையை முடிக்க நேரம் கிடையாது. ஆனால் அதற்கு முன்னாலேயே இடி தகவல் சொல்லிவிடும். மின்னல் தெரிந்ததிலிருந்து இடி கேட்கும் வரை அவனை எண்ணச் சொல்லுங்கள், மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் தூரம். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டுவிட்டால் எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு வீட்டுக்குள் வர வேண்டும், மரத்தடியோ தகரக் கொட்டகையோ உதவாது. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆன பிறகுதான் வெளியே போகலாம். புனேயில் உள்ள வானிலை ஆய்வு நிறுவனம் தயாரித்த தாமினி என்ற செயலியைச் செல்போனில் போட்டுக்கொண்டால் சுற்றுவட்டாரத்தில் மின்னல் விழுந்ததைக் காட்டும். அதைப் பார்க்கும் பொறுப்பை அவனிடமே கொடுங்கள். அவன் "இறங்குப்பா" என்று சொன்னால் அப்பா மறுபேச்சில்லாமல் இறங்க வேண்டும் என்று வீட்டில் ஒரு ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள், இதை வீட்டுக்காரரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

மிச்ச வேலையை இந்த மாதத்தில் முடித்தே ஆக வேண்டும் என்றால் காலை ஆறு மணிக்குத் தொடங்கிப் பத்து மணிக்குள் நிறுத்திவிடுங்கள். நம் பக்கம் கோடை இடிமழை பெரும்பாலும் பிற்பகலுக்கு மேல்தான் கிளம்பும், உயரத்தில் ஏறிச் செய்கிற எந்த வேலையையும் சாயங்காலத்துக்கு வைக்காதீர்கள். மாடியில் சும்மா கிடக்கும் தகரம், பிளாஸ்டிக் நாற்காலி, காலித் தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றையும் முதலில் கீழே இறக்குங்கள் அல்லது கட்டிவையுங்கள், தொட்டியில் தண்ணீர் நிரம்பியிருந்தால் அது நகராது.

வேம்பின் அடிமண், மேற்குப் பக்கமும் வேர் வெட்டிய பக்கமும், கிழிந்த வாய், பெரிய கவை, அப்புறம் தள்ளி நின்று முழு மரம், இவற்றைப் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்புங்கள். அடிமண் படத்தில் அளவுக்கு ஒரு செருப்பையோ தீப்பெட்டியையோ பக்கத்தில் வையுங்கள். அதைப் பார்த்துவிட்டு மாமனாரிடம் நானே போனில் பேசுகிறேன். அதுவரை கொட்டகைப் பக்கம் ஒரு கயிறு கட்டி, யாரும் உள்ளே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.